துப்புவின் வயிறும் துறையின் கவலையும்

அவர் காவல் துறையில் சேர்ந்தது திருடனைப் பிடிக்க. துறை அவரைச் சேர்த்துக்கொண்டதும் அதற்காகத்தான். நடுவில் ஓர் அணிவகுப்பு வந்து காரியத்தைக் கெடுத்தது.

கொளுத்தும் வெயிலில் மைதானமே விறைத்து நின்றுகொண்டிருந்தது. மேடை ஏறிய பெரிய அதிகாரி ஒருவர் மூன்றாவது படியில் கால் இடறி, கையை வீசிச் சமாளித்து, அந்த வீச்சை அப்படியே சல்யூட்டாக மாற்றி முடித்தார். இருநூறு பேர் பார்த்தார்கள். சிரித்தது இவர் ஒருவர்தான். அதுவும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்று போயிற்று, அவ்வளவுதான். மறுவாரம் மோப்ப நாய்ப் பிரிவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. மூக்கால் சிரித்தவனுக்கு மூக்கு வேலை என்று கூட இருந்தவர்கள் ஒரு மாதம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள்.

அவருக்கோ நாய் என்றால் தொடை நடுங்கும். எதிரே தெருநாய் வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி, தமக்கும் நாய்க்கும் நடுவே சைக்கிளை வைத்து உருட்டிக்கொண்டு போகிறவர். பிரிவில் அவரிடம் ஒப்படைத்தது நான்கு மாதப் பெட்டைக் குட்டி, வைக்கோல் நிற லாப்ரடார். அதற்குப் பெயர் வைக்க அதிகாரிகள் கூடி இரண்டு மணி நேரம் பேசி, 'துப்பு' என்று முடிவு செய்திருந்தார்கள். அன்றிலிருந்து, "அந்தப் பிரிவுலயே துப்பு இருக்கறது ஒரே ஆளுக்குத்தான், அதுக்கும் நாலு கால்" என்பது ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

பிரிவின் பதிவேட்டின்படி துப்பு அவரைவிட எட்டு நாள் முந்தி அங்கே பணியில் சேர்ந்தது. ஆகவே பணிமூப்பு துப்புவுக்கு. அதற்குத் தலைமைக் காவலர் தரம் வேறு கொடுத்திருந்தார்கள்; அவர் வெறும் காவலர். மேலதிகாரியைக் குளிப்பாட்டி, காது துடைத்து, பல் தேய்த்துவிடுகிற பாக்கியம் துறையில் தம் ஒருவருக்குத்தான் என்று அவரே சொல்வார். "மத்த இடத்துல எல்லாம் நாமதான் மேலதிகாரியைப் பார்த்து வாலாட்டணும். இங்கே மேலதிகாரி என்னைப் பார்த்து ஆட்டுறா."

பயம் எப்போது போயிற்று என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. எங்கே போயிற்று என்று தெரியும். குட்டி வந்த மூன்றாம் வாரம் அதற்கு வயிறு போக ஆரம்பித்தது. நாய் என்றால் அப்படித்தான், நாளைக்குச் சரியாகிவிடும் என்று ஒரு பகல் முழுக்கச் சும்மா இருந்துவிட்டார். சாயங்காலம் ரத்தம் கலந்து போயிற்று. குட்டி தலையைத் தூக்கவில்லை. அள்ளிக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்கு ஓடினார். ஒரு நாயை அவர் இரண்டு கையாலும் தொட்டது அதுதான் முதல் தடவை.

அங்கிருந்த மருத்துவரம்மா அதிகம் பேசாதவர். பேசியதெல்லாம் கேள்வியாகவே இருந்தது.

"எத்தனை தடவை போச்சு? என்ன நிறம்? வாந்தி உண்டா? குடிச்ச தண்ணி உள்ளே நின்னுச்சா?"

எல்லாவற்றுக்கும் "பார்க்கலைங்கம்மா" என்றார். மருத்துவரம்மா குட்டியின் காலில் ஊசி ஏற்றிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்.

"எதையுமே பார்க்கலைன்னா, நாய்கூட இருந்து என்னதான் பண்றீங்க?"

எத்தனையோ அதிகாரிகளிடம் எவ்வளவோ வசவு வாங்கியவர். எதுவும் உறைத்ததில்லை. இது உறைத்தது. நான்கு நாள் குட்டிக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏறியது. நான்கு நாளும் பக்கத்து ஸ்டூலை விட்டு அவர் எழுந்திருக்கவில்லை. ஐந்தாம் நாள் குட்டி கண் விழித்து, எட்டி, அவருடைய பெல்ட் வாரைக் கடித்துத் துண்டாக்கியது. அரசுச் சொத்துக்குச் சேதம் என்று அதற்கு விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. சந்தோஷமாக எழுதிக் கொடுத்தார்.

அதற்கப்புறம் அவர் எல்லாவற்றையும் பார்த்தார். தினமும் காலையில் மைதானத்து ஓரம் குந்தி உட்கார்ந்து, நகைக்கடைக்காரர் கல்லைப் பார்ப்பது போல, துப்பு விட்டுச் சென்றதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து பார்ப்பார். உதட்டைத் தூக்கி ஈறு பார்ப்பார். கழுத்துத் தோலை இழுத்துவிட்டு, அது எவ்வளவு சீக்கிரம் படிகிறது என்று பார்ப்பார். தோல் மெல்லப் படிந்தால் உடம்பில் தண்ணீர் வற்றுகிறது என்று கணக்கு.

"காலையில எழுந்ததும் பேப்பர் பார்க்கறவங்க இருக்காங்க, கண்ணாடி பார்க்கறவங்க இருக்காங்க" என்பார் அவர் மனைவி. "எங்க வீட்டுக்காரர் எதைப் பார்க்கறார்னு நான் வெளியில சொல்லிக்கறதில்லை."

சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. காவலர் குடியிருப்பில் அவருக்கு நாய்க்காரர் என்றுதான் பெயர். நாய் வளர்க்கிறவர்கள் வயிறு என்றால் முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். ஒரு முறை கீழ்வீட்டுக் குழந்தைக்கு வயிற்றுவலி என்று அதன் அம்மா தூக்கி வந்துவிட்டாள். நாய்க்காரர் பழக்க தோஷத்தில் குழந்தையின் மேல் உதட்டைத் தூக்கி ஈறு பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஒரு வேளை பட்டினி போடுங்க" என்றார். அந்த அம்மா பத்து நாள் பேசவில்லை. குழந்தைக்குச் சரியாகிவிட்டது என்பது வேறு விஷயம்.

நாய் விஷயத்தில் அவர் சொல்வது ஒரே பாடம். "துள்ளிக்கிட்டு இருக்கா? தண்ணி குடிக்குதா? குடிச்சது நிக்குதா? அப்போ பயப்படாதீங்க. ஒரு வேளை வயித்துக்கு ஓய்வு கொடுங்க. அப்புறம் குழைஞ்ச சோறும் வேகவெச்ச கோழியும் கொஞ்சம் கொஞ்சமா. ஒரு நாள், மிஞ்சினா ரெண்டு நாள் பாருங்க. ஆனா ரத்தம் தெரிஞ்சா, கறுப்பா தார் மாதிரி போனா, குடிச்ச தண்ணியெல்லாம் திரும்பி வந்தா, சுருண்டு படுத்துட்டா, ஈறு வெளுத்துட்டா, கடிகாரத்தைப் பார்க்காதீங்க. உடனே டாக்டர். குட்டியா இருந்தாலும், வயசான நாயா இருந்தாலும், எதையோ முழுங்கிச்சுன்னு சந்தேகம் வந்தாலும் அப்படித்தான். நம்ம மாத்திரையை மட்டும் கொடுத்துடாதீங்க."

இந்தப் பாடம் குடியிருப்பில் எல்லோருக்கும் புரிந்தது. துறைக்குத்தான் புரியவில்லை.

துப்புவுக்கு ஆறு வயது நடந்தபோது, மந்திரி ஒருவர் புதுப் பாலம் திறக்க வருவதாக ஏற்பாடாயிற்று. மேடையையும் நாற்காலிகளையும் மோந்து பார்த்து வெடிகுண்டு இல்லை என்று சொல்ல வேண்டியது துப்பு. அதற்கு மூன்று நாள் முன்னால், பிரிவு அலுவலகத்தில் எழுத்தர் தம் நாற்காலியில் மாட்டி வைத்திருந்த பையைத் துப்பு திறந்து, ஒரு பொட்டலம் வெண்ணெய் பிஸ்கட்டைக் காகிதத்தை மட்டும் மிச்சம் வைத்துத் தின்றது. மறுநாள் காலை அது விட்டுச் சென்றது கொஞ்சம் தளர்ந்திருந்தது. நாய்க்காரர் குந்திப் பார்த்தார். ரத்தம் இல்லை. ஈறு ரோஜா நிறம். துப்பு பந்தை வாயில் கவ்விக்கொண்டு, இன்னும் எவ்வளவு நேரம் இதையே பார்ப்பாய் என்பது போல நின்றது. அவர் எழுந்து, நாள் பதிவேட்டில் 'மலம்' என்ற கட்டத்தில் வழக்கமாக எழுதும் 'இயல்பு' என்பதற்குப் பதில், 'சற்று இளகல்' என்று எழுதினார். செய்த ஒரே தப்பு அதுதான்.

எழுத்தர் படித்தார். நாளைக்கு மறுநாள் மந்திரி வருகிறார், இன்றைக்கு இளகல். தொலைபேசியில் துணைக் கண்காணிப்பாளரிடம், அதாவது பிரிவில் எல்லோரும் சின்ன ஐயா என்று சொல்கிறவரிடம், 'வயிற்றுப்போக்கு' என்று சொன்னார். சின்ன ஐயா கண்காணிப்பாளரான பெரிய ஐயாவிடம் 'கடும் வயிற்றுப்போக்கு' என்றார். பெரிய ஐயா தலைமையகத்துக்கு 'நஞ்சு வைத்திருக்கலாம் என்று ஐயம்' என்று செய்தி அனுப்பினார். பதினொரு மணிக்குள் நாய்க் கொட்டடி வாசலில் ஐந்து ஜீப்புகள் நின்றன.

சமையலறைக்குச் சீல் வைத்தார்கள். நாய்களுக்குச் சோறு வடிக்கும் சமையல்காரரை உட்கார வைத்து, வெளிநாட்டில் உறவினர் உண்டா என்று விசாரித்தார்கள். அவருக்கு அடுத்த தெருவிலேயே உறவினர் கிடையாது. துப்புவிடமிருந்து எடுத்த மாதிரி மூன்று குப்பிகளில் மூன்று ஆய்வகங்களுக்கு, ஒவ்வொன்றும் ஆயுதக் காவலோடு புறப்பட்டது.

நாய்க்காரர் விறைப்பாக நின்று சொல்லிப் பார்த்தார். "ஐயா, பிஸ்கட் தின்னுட்டாங்க ஐயா. அதுதான்."

"யார் தின்னது?" என்றார் பெரிய ஐயா.

"துப்புதாங்க ஐயா."

"யாருடைய பிஸ்கட்?"

எழுத்தர் மேலே மின்விசிறியை முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். ஓய்வு பெற ஒன்றரை வருஷம் பாக்கி.

"தெரியலைங்க ஐயா" என்றார் நாய்க்காரர்.

பெரிய ஐயாவின் சந்தேகம் உறுதியாகிவிட்டது. யாருடையது என்று தெரியாத பிஸ்கட் என்றால் அது சதி. மத்தியானம் மூன்று மருத்துவர்கள் கொண்ட குழு அமர்ந்தது. நீண்ட மேசை, தண்ணீர்ப் போத்தல்கள், நடுவே துப்பு. அது குழுவின் தலைவர் மடியில் பந்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டுக் காத்திருந்தது. மருத்துவரம்மாவும் அந்தக் குழுவில் இருந்தார். எழுந்து வந்து ஈறு பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், தோலை இழுத்துவிட்டுப் பார்த்தார். பிறகு பந்தை எடுத்து வாசல் பக்கம் வீசினார். துப்பு நான்கு கால் பாய்ச்சலில் போயிற்று. மற்ற இருவரும் நான்கு பக்கம் அறிக்கை எழுதினார்கள். மருத்துவரம்மா எழுதியது ஒரு வரி: பிஸ்கட் கொடுக்க வேண்டாம்.

சாயங்காலத்துக்குள் துப்புவுக்குச் சரியாகிவிட்டது. ஆனாலும் அன்றும் மறுநாளும் தொலைபேசி ஓயவில்லை. நாய்க்காரர் வாழ்நாளில் பார்க்காத அதிகாரிகள் எல்லாம், "இப்போ எப்படி இருக்காங்க?" என்று மரியாதையாக விசாரித்தார்கள். திறப்பு விழாவன்று விடிந்ததும் பெருமழை. விழா ஒத்திவைக்கப்பட்டது. அந்த நிமிஷமே தொலைபேசி நின்றது. துப்புவின் வயிற்றில் அப்புறம் என்ன நடந்தது என்று அரசாங்கத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

ஆனால் இவ்வளவு அமளி எதற்கு என்று மேலிடம் கேட்டது. கேட்டால் பதில் வேண்டும். பதிலாகப் பெரிய ஐயாவின் கையெழுத்தோடு ஒரு சுற்றறிக்கை வந்தது. 'தேவையற்ற பதற்றம் தவிர்த்தல்' என்று தலைப்பு. நாய்களின் வயிற்றுக் கோளாறு எதுவாயினும் நாற்பத்தெட்டு மணி நேரம் கவனித்த பின்னரே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அதற்கும் உரிய அதிகாரியின் எழுத்து மூல அனுமதி வேண்டும். நாய்க்காரர் அதைப் படித்துவிட்டு எழுத்தரிடம் சொன்னார்.

"ரெண்டு நாள்ல நாய் தானா சரியாயிடும், இல்லைன்னா செத்துடும். ரெண்டுல எது நடந்தாலும் ஆஸ்பத்திரி தேவைப்படாது. நல்லாத்தான் யோசிச்சு எழுதியிருக்காங்க."

"கையெழுத்துப் போடும்" என்றார் எழுத்தர்.

நான்கு மாதம் கழித்து, யாரும் எங்கும் எதையும் திறக்க வராத ஒரு வாரத்தில், துப்பு காலையில் கொட்டடியை விட்டு வெளியே வரவில்லை. நாய்க்காரர் வாரைக் குலுக்கினார். அந்தச் சத்தத்துக்குத் தூக்கத்தில்கூட எழுந்து வருகிற நாய், கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தது. மூலையில் மஞ்சளாக வாந்தி. தண்ணீர் வைத்தார், நக்கிய மறு நிமிஷம் அவ்வளவும் வெளியே வந்தது. முன்கால்களைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி, யாரையோ கும்பிடுவது போல நின்றது. நாய் அப்படி நின்றால் வயிற்றுக்குள் வலி தாங்கவில்லை என்று அர்த்தம். வயிற்றைத் தொட்டார். பலகை மாதிரி இருந்தது. துப்பு அவரைப் பார்த்து உறுமியது. ஆறு வருஷத்தில் அவரிடம் அது உறுமியதே இல்லை. உடனே வெட்கப்பட்டது போல அவர் கையை நக்கியது. உதட்டைத் தூக்கினார். ஈறு வெளிறி, ஒட்டுப்பசை தடவியது போல இருந்தது. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து அது ஒன்றும் வெளியே விடவில்லை என்பது அப்போதுதான் அவர் நெஞ்சில் தைத்தது.

அலுவலகத்துக்கு ஓடினார். எழுத்தர் அப்போதுதான் பையை நாற்காலியில் மாட்டிக்கொண்டிருந்தார். பிஸ்கட் சம்பவத்துக்குப் பிறகு பைக்குப் பூட்டு வாங்கியிருந்தார்.

"வண்டி வேணும். துப்புவுக்கு ரொம்ப முடியலை."

"வயிறா?"

"வயிறுதான்."

"எத்தனை மணியிலேர்ந்து?"

"நேத்து மத்தியானம்னு வெச்சுக்குங்க."

எழுத்தர் விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தார். "நாளைக்கு மத்தியானம் வாரும். படிவம் தர்றேன்."

"நாளைக்கு மத்தியானம் நாய் இருக்காது."

"போன தடவையும் இப்படித்தான் ஊரைக் கூட்டினோம். கடைசியில பார்த்தா பிஸ்கட்டு." இதைச் சொல்லும்போது எழுத்தரின் முகத்தில் அந்த பிஸ்கட் யாருடையது என்ற ஞாபகம் கடுகளவும் இல்லை. "அதுவும் இல்லாம நாய் வண்டி இல்லை. சின்ன ஐயா வீட்டு விசேஷத்துக்கு நாற்காலி ஏத்திக்கிட்டுப் போயிருக்கு. ரெண்டு ஐயாவும் கூட்டத்துல இருக்காங்க. கதவைத் தட்டக் கூடாதுன்னு உத்தரவு."

"என்ன கூட்டம்?"

"அவசர காலத்துல விரைந்து முடிவெடுப்பது எப்படின்னு வகுப்பு."

நாய்க்காரர் திரும்பி நடந்தார். மாடிப்படி இறங்கி முற்றத்துக்கு வந்தார். அங்கே பெரிய ஐயாவின் ஜீப் நின்றது. ஓட்டுநர் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாளில் பாதி நேரம் அவருக்கு அதுதான் வேலை.

"சாவியை வண்டியிலயே விட்டுட்டு நீ டீ குடிக்கப் போ" என்றார் நாய்க்காரர். "வந்து பார்த்தா வண்டியைக் காணோம். அவ்வளவுதான் உனக்குத் தெரியும்."

ஓட்டுநர் அவர் முகத்தைப் பார்த்தார். "உனக்குச் சைக்கிளே சரியா விடத் தெரியாது. கியர் பெட்டி போச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும். நாயைத் தூக்கிட்டு வா."

முன்சீட்டில்தான் துப்புவை நீட்டிப் படுக்க வைக்க முடிந்தது. நாய்க்காரர் கீழே கால் வைக்கும் இடத்தில் மடங்கி உட்கார்ந்து, அதன் தலையைப் பிடித்துக்கொண்டார். மேலே சிவப்பு விளக்கு சுழல, ஜீப் புறப்பட்டது. முதல் சந்திப்பில் போக்குவரத்துக் காவலர் வண்டி எண்ணைப் பார்த்ததும் மற்ற எல்லா வண்டிகளையும் நிறுத்தி, முன்சீட்டைப் பார்த்து விறைப்பாக சல்யூட் அடித்தார். அடித்த கை இறங்குவதற்குள் உள்ளே இருந்தது யார் என்று கண்டுகொண்டிருக்க வேண்டும். ஆனாலும் இறக்கவில்லை. வழியில் இருந்த நான்கு சந்திப்பிலும் இதே கதை. பெரிய ஐயாவுக்கு அன்று கிடைத்த சல்யூட்டுகளில் மனதாரக் கிடைத்தது அந்த நான்குதான் என்று ஓட்டுநர் பின்னால் சொல்வார்.

மருத்துவரம்மா கேள்வியை ஆரம்பிக்கும் முன்னாலேயே நாய்க்காரர் பதில் சொல்லி முடித்திருந்தார். எத்தனை தடவை, என்ன நிறம், எத்தனை மணிக்கு, தண்ணீர் எவ்வளவு நேரம் நின்றது, கடைசியாக எப்போது மலம் போனது. மருத்துவரம்மா படம் எடுத்துப் பார்த்தார்.

"குடல்ல ஏதோ அடைச்சிருக்கு. இப்பவே திறக்கணும்."

"பிழைச்சுருமா?"

"நேரத்தோட கொண்டு வந்திருக்கீங்க. நாளைக்கு வந்திருந்தா நான் கத்தியே எடுத்திருக்க மாட்டேன்."

கதவு மூடியது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு பெண்மணி தும்முகிற பூனையை மடியில் வைத்துக்கொண்டு, அது நேற்றிலிருந்து எத்தனை தும்மல் போட்டது என்று அவரிடம் விவரமாகச் சொன்னார். வேறு நாளாக இருந்தால் அவரும் விவரமாகக் கேட்டிருப்பார். அன்றைக்குத் தலையை மட்டும் ஆட்டினார். கையிலே சுற்றியிருந்த துப்புவின் வாரை அவிழ்த்து அவிழ்த்துச் சுற்றினார். அதில் உப்பும் தோலும் கலந்த ஒரு வாடை வந்தது. சீருடை போட்டுக்கொண்டு அழுதால் பார்க்கிறவர்கள் ஏதோ பெரிய குற்றம் என்று நினைப்பார்கள் என்று சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை மேலிருந்து கீழ் வரை மூன்று முறை படித்தார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து மருத்துவரம்மா ஒரு எஃகுத் தட்டோடு வெளியே வந்தார். தட்டில் வெளிர் நீல நிறத்தில் ஒரு ரப்பர் கையுறை, முறுக்கிப் பிழிந்த துணி போலக் கிடந்தது.

"இதுதான். துப்பு நல்லா இருக்கா. இது யாரோடது?"

நாய்க்காரருக்குப் பார்த்ததும் தெரிந்தது. போன வாரம் கொட்டடிகளின் சுத்தத்தைச் சோதிக்க சின்ன ஐயா வந்திருந்தார். நாய்களிடமிருந்து தமக்குக் கிருமி ஒட்டிவிடாமல் இருக்க நீலக் கையுறை போட்டுக்கொண்டு, சுவரில் விரல் தேய்த்துத் தேய்த்துத் தூசி பார்த்தார். பிறகு புகைப்படக்காரர் வந்ததும், கையுறையோடு நின்றால் நன்றாக இருக்காது என்று கழற்றிக் கொட்டடியின் சன்னலில் வைத்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று மத்தியானம் அவர் பொரித்த கோழி சாப்பிட்டிருந்தார் என்பது துப்புவின் மூக்குக்குத் தெரியாமல் போகுமா.

"ஒரு புட்டியில போட்டுக் கொடுங்கம்மா" என்றார் நாய்க்காரர்.

மூன்றாம் நாள் விளக்கம் கேட்டு ஓலை வந்தது. நாற்பத்தெட்டு மணி நேர விதியை மீறியது ஏன்; மேலதிகாரியின் வாகனத்தை அனுமதியின்றிப் பயன்படுத்தியது ஏன்; நாயை அதிகாரியின் இருக்கையில் கிடத்தியது ஏன்; இருக்கையில் ஒட்டியுள்ள முடிக்கு யார் பொறுப்பு. கணவனும் மனைவியும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பதில் எழுதினார்கள். அவருக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும், மனைவிக்கு வாசகம் நன்றாக வரும்.

"மூணாவதுக்கு என்ன எழுத?" என்றார் அவர். "துப்பு தலைமைக் காவலர், நான் காவலர், தரத்தில் மூத்தவர் முன்சீட்டில் உட்காருவது மரபுன்னு எழுதட்டுமா?"

"எழுதாதீங்க. ஒரு தடவை சிரிச்சு வந்து சேர்ந்த இடம் பத்தாதா? பின்சீட்டுல படுக்க வெச்சா வயிறு மடங்கும்னு எழுதுங்க."

"முடிக்கு?"

"முடிக்கு நாய்தான் பொறுப்புன்னு எழுதுங்க. பொய்யா அது?"

விசாரணை அதிகாரியாக நியமிக்கப்பட்டவர் சின்ன ஐயா. கண்ணாடியைத் துடைத்து மாட்டி, பதிலைப் படித்து, கண்ணாடியைக் கழற்றினார்.

"வயிற்றிலிருந்து அயற்பொருள் ஒன்று எடுக்கப்பட்டதுன்னு எழுதியிருக்கு. இங்கேதான் உம்ம அலட்சியம் தெரியுது. காவலில் இருக்கும் நாய் கண்டதையும் எப்படி முழுங்கும்? அது என்ன பொருள்?"

"கொண்டு வந்திருக்கேங்க ஐயா."

புட்டியை மேசை மேல் வைத்தார். சின்ன ஐயா குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மின்விசிறியை எழுத்தர் மறுபடியும் அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார்.

"இது... வலது கையா, இடது கையா?" என்றார் சின்ன ஐயா கடைசியில்.

"வலதுங்க ஐயா. இடது சன்னல்லயே இருந்துச்சு. பத்திரமா எடுத்து வெச்சிருக்கேன். கொண்டு வரட்டுங்களா?"

"வேண்டாம், வேண்டாம். தேவையில்லை." சின்ன ஐயா புட்டியைக் காகிதங்களுக்குப் பின்னால் நகர்த்தினார். "நாய் இப்போ எப்படி இருக்கு?"

"நேத்துலேர்ந்து கஞ்சி குடிக்கிறாங்க ஐயா."

"நல்லது. மனிதாபிமானத்தோடதான் நடந்திருக்கீர். இருந்தாலும் விதின்னு ஒண்ணு இருக்கே."

விதிக்காக ஒரு வாய்மொழி எச்சரிக்கையோடு கோப்பு மூடப்பட்டது. ஓட்டுநர் மூன்று நாள் சீட்டைத் துடைத்தார். துடைப்பது அவருக்குப் புது வேலை இல்லை என்பதால் அதைத் தண்டனையாக எடுத்துக்கொள்ளவில்லை. புதுச் சுற்றறிக்கை ஒன்றும் வந்தது: சோதனைக்கு வருவோர் கொண்டுவரும் கையுறைகள் எண்ணிப் பார்க்கப்பட வேண்டும். நாற்பத்தெட்டு மணி நேர விதி அப்படியே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய ஐயா தாமே காரை ஓட்டிக்கொண்டு குடியிருப்புக்கு வந்தார். நாய்க்காரர் கட்டியிருந்த கைலியோடு வெளியே ஓடி வந்து விறைத்து நின்றார். பெரிய ஐயாவின் கையில் ஒரு குட்டையான, நசுங்கின மூஞ்சி நாய். பின்சீட்டில் ஐயாவின் மனைவி, அழுது வீங்கின முகத்தோடு.

"காலையிலேர்ந்து ரெண்டு தடவை போயிருச்சுய்யா" என்றார் பெரிய ஐயா. அலுவலகத்தில் அவருக்கு இருக்கும் குரல் இல்லை அது. "மூணு டாக்டரை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன். அதுக்குள்ள மனசு கேக்கலை."

நாய்க்காரர் குந்தினார். உதட்டைத் தூக்கினார், வயிற்றை அழுத்தினார், தோலை இழுத்துவிட்டார். கேட்க வேண்டியதைக் கேட்டார். நேற்று விருந்துக்கு வந்தவர்கள் ஆளுக்கு ஒரு துண்டு கேக் ஊட்டியிருந்தார்கள். நசுங்கின மூஞ்சி அவர் கைலி நுனியைப் பிடித்து இழுத்து விளையாட ஆரம்பித்தது.

"ஒண்ணும் இல்லைங்க ஐயா. ஒரு வேளை சும்மா விடுங்க. தண்ணி மட்டும் வையுங்க. நாளைக்குச் சரியாயிடும். இல்லைன்னா டாக்டர் அம்மாகிட்ட காட்டிடலாம்."

"நாளைக்கு வரைக்கும் காத்திருக்கறதா?" என்றார் பின்சீட்டிலிருந்து அம்மா, திகைத்துப்போய். "உங்க விதியில நாற்பத்தெட்டு மணி நேரம்னு இவர் சொன்னாரே. அது எந்த மடையன் போட்ட விதி?"

பெரிய ஐயா காரின் சக்கரத்தைப் பார்த்தார். நாய்க்காரரும் மரியாதைக்காக அதே சக்கரத்தைப் பார்த்தார். மூக்கு வழியாகக் காற்று போகாமல் இருக்க அவர் படாத பாடு பட்டார்.

துப்பு ஒன்றரை மாதத்தில் வேலைக்குத் திரும்பியது. வயிற்றில் நீளமாக ஒரு தழும்பு. அந்த இடத்தில் முடி மட்டும் வெள்ளையாக முளைத்தது. ஒன்பது வயதில் அதற்கு ஓய்வு. ஓய்வுபெறும் நாயை வீட்டுக்கு எடுத்துக்கொள்ள விரும்புவோர் ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்று இருந்தது. நாய்க்காரர் இரண்டு வருஷம் முன்பே விண்ணப்பித்தார். பதில் வரவில்லை. நினைவூட்டுக் கடிதம் அனுப்பினார். ஓய்வுபெறும் அலுவலர் விண்ணப்பதாரருக்கு என்ன உறவு என்று குறிப்பிடவும் என்று ஒரு படிவம் வந்தது.

அதை வைத்துக்கொண்டு அவர் வெகுநேரம் பேனாவைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார். மனைவி சமையலறையிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார்.

"பொண்ணுன்னு எழுதுங்க" என்றார். எழுதியதும், கூடத்து மூலையில் இருந்த தையல் இயந்திரத்தை அந்தப் பக்கம் நகர்த்த ஒரு கை பிடிக்கச் சொன்னார். துப்பு படுக்க அந்த மூலையில்தான் காற்று நன்றாக வரும்.